தாய்ப்பாம்பின் வேலையை ஒரு பிளாஸ்டிக் டப்பா எப்படி கத்துக்கிச்சு?

இந்த எபிசோடை ஒரு தோல்வியில இருந்து ஆரம்பிக்கிறேன். என்னோட தோல்விதான்.

இன்ஜினியரிங் மூணாவது வருஷம். மினி புராஜெக்டுக்கு நானும் என் நண்பனும் சேர்ந்து கோழி முட்டைக்கு ஒரு இன்குபேட்டர் செஞ்சோம். மீன் கடையில வாங்கின தெர்மாகோல் பெட்டி, உள்ளே 60 வாட் குண்டு பல்பு, ஒரு சென்சார், ஒரு ரிலே, ஒரு அர்டுயினோ போர்டு. வெப்பம் 37.5 டிகிரிக்குக் கீழே போனா பல்பு எரியணும், மேலே போனா அணையணும். அவ்வளவுதான் லாஜிக். ஊர்ல இருந்து பாட்டி பஸ்ல மடியில வச்சுக் கொண்டுவந்த 12 நாட்டுக்கோழி முட்டையை உள்ளே அடுக்கினோம். 21 நாள் காத்திருந்தோம். ஒரு குஞ்சுகூட வரல. பன்னிரண்டும் கூமுட்டை.

டிஸ்பிளேல 21 நாளும் 37.5தான் காட்டிச்சு. அப்புறம் எங்கே தப்பு? சென்சாரை நாங்க மூடியில, பல்புக்குப் பக்கத்துல ஒட்டியிருந்தோம். பல்பு பக்கம் 37.5. முட்டை இருந்த அடித்தட்டுல அதைவிட நாலஞ்சு டிகிரி கம்மி. இதை பாட்டிகிட்ட விளக்கிச் சொன்னப்போ அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "கோழி முட்டை மேலதானேடா உக்காரும்? மூடி மேலயா உக்காரும்?"

அந்தக் கேள்வி பல வருஷம் கழிச்சு, போன மாசம் மறுபடியும் ஞாபகம் வந்துச்சு. அமெரிக்காவில வீட்டிலேயே பாம்பு வளர்த்து இனப்பெருக்கம் செய்யுற ஒருத்தரோட வீடியோ பார்த்துட்டு இருந்தேன். ஒரு சாதாரண பிளாஸ்டிக் டப்பா. நம்ம வீட்டில மாவு போட்டு வைக்கிற சைஸ். உள்ளே ஈரமான தவிடு மாதிரி ஏதோ ஒண்ணு. அதுக்கு மேல ஒண்ணோட ஒண்ணு ஒட்டின ஆறு வெள்ளை முட்டை. முட்டைக்கு நடுவுல, கவனிங்க, முட்டைக்கு நடுவுல, ஒரு தெர்மாமீட்டர் வயர். அவர் தாய்ப்பாம்பை எடுத்து வேற கூண்டில விட்டுட்டு டப்பாவை மூடினார். "இன்னும் 60 நாள்ல பார்க்கலாம்"னு சொன்னார்.

அந்தத் தாய் செஞ்சிருக்க வேண்டிய வேலை என்ன? அதை இந்த டப்பா எப்படிக் கத்துக்கிச்சு? யார் கத்துக்கொடுத்தாங்க? அதுதான் இன்னைக்கு எபிசோட்.

கண் இமையில ஒரு தெர்மாமீட்டர்

செயற்கையா முட்டை பொரிக்கிற கதை கோழியில இருந்துதான் தொடங்குது. எகிப்தில ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேலா மண் செங்கல்ல கட்டின அடுப்பறைகள் இருந்திருக்கு. வைக்கோலும் சாணமும் எரிச்சு, ஒரே நேரத்தில ஆயிரக்கணக்கான கோழி முட்டைகளைப் பொரிக்க வச்சாங்க. தெர்மாமீட்டர்னு ஒண்ணு உலகத்திலேயே இல்லாத காலம். அங்கே வேலை செஞ்சவங்க முட்டையை எடுத்து கண் இமை மேல வச்சுப் பார்ப்பாங்க. நம்ம உடம்புல மெல்லிய தோல் இருக்கிற இடம் அது. சூடு சரியா இருக்கான்னு அது சொல்லிடும். இந்தத் தொழில் அப்பாகிட்ட இருந்து பிள்ளைக்குப் போச்சு.

இதை ஐரோப்பாவில காப்பி அடிக்கப் பார்த்தவங்கள்ல முக்கியமானவர் பிரெஞ்சு விஞ்ஞானி ரியோமூர். 1749ல முட்டை பொரிக்கிற கலையைப் பத்தியே ஒரு புத்தகம் எழுதினார். மக்கிக்கொண்டு இருக்கிற சாணக் குவியலுக்குள்ள பீப்பாயைப் புதைச்சு, அந்தச் சூட்டிலேயே முட்டை பொரிக்க முயற்சி செஞ்சவர் அவர்.

ஆனா என் மாதிரி ஆளுங்களுக்கு உண்மையான ஹீரோ அவருக்கும் ஒரு நூறு வருஷம் முன்னாடி இருந்தவர். பேர் கார்னெலிஸ் டிரெபெல். நெதர்லாந்துக்காரர், இங்கிலாந்தில வேலை பார்த்தவர். 1620கள்ல அவர் செஞ்ச இன்குபேட்டர்ல ஒரு குழாய்க்குள்ள ஆல்கஹாலும் பாதரசமும் இருந்துச்சு. சூடு ஏறினா ஆல்கஹால் விரியும், பாதரசத்தைத் தள்ளும், பாதரசம் ஒரு கம்பியைத் தள்ளும், கம்பி அடுப்போட காத்து வழியை மூடும். தீ தணியும். சூடு குறைஞ்சா எல்லாம் தலைகீழா நடக்கும், காத்து வழி திறக்கும், தீ ஏறும். பக்கத்துல ஆள் நிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதுக்கு இன்னைக்கு நாம வச்சிருக்கிற பேர் ஃபீட்பேக் கண்ட்ரோல். ஃபிரிட்ஜ், ஏசி, வாட்டர் ஹீட்டர், நாங்க செஞ்சு கெடுத்த தெர்மாகோல் பெட்டி, எல்லாத்துக்கும் இதுதான் அடிப்படை. கண்ட்ரோல் சிஸ்டம் வரலாறு எழுதுறவங்க டிரெபெல்லோட கருவியை இந்த வகையில மிகப் பழைய கருவிகள்ல ஒண்ணா சொல்றாங்க. அதாவது தெர்மோஸ்டாட்டோட கதையே முட்டையில இருந்துதான் ஆரம்பிக்குது.

கோழிக்குச் சரி, பாம்புக்குத் தப்பு

சரி, கோழிக்கு வேலை செஞ்ச பெட்டியில பாம்பு முட்டையை வச்சா என்ன ஆகும்? பெரும்பாலும் செத்துப்போகும். காரணம் மூணு.

முதல்ல ஓடு. கோழி முட்டை ஓடு சுண்ணாம்பு மாதிரி கெட்டி. பெரும்பாலான பாம்பு முட்டைகளோட ஓடு தோல் மாதிரி, அமுக்கினா கொஞ்சம் வளையும். கோழி முட்டைக்குத் தேவையான தண்ணி ஏற்கெனவே உள்ளேயே இருக்கு. பாம்பு முட்டை சுத்தி இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், காத்து காய்ஞ்சிருந்தா ஈரத்தை இழக்கும். காய்ஞ்சா சுருங்கிடும். ரொம்ப நனைஞ்சாலும் ஆபத்து.

ரெண்டாவது, திருப்புறது. கோழி ஒரு நாளைக்குப் பல தடவை முட்டையை உருட்டும். அதனால கோழி இன்குபேட்டர்ல முட்டை திருப்புறதுக்குத் தனி மோட்டாரே இருக்கும். முட்டையை உடைச்சு ஊத்தும்போது மஞ்சள் கருவோட ஓரத்துல முறுக்கின வெள்ளை நூல் மாதிரி ஒண்ணு பார்த்திருப்பீங்க. முட்டையை உருட்டினாலும் மஞ்சள் கரு நடுவிலேயே நிக்க உதவுறது அதுதான். பாம்பு முட்டைக்குள்ள அந்த நூல் கிடையாது. முட்டை இட்ட கொஞ்ச நேரத்திலேயே கரு மேல் பக்கமா போய் அமர்ந்துடும். அதுக்கப்புறம் முட்டையைத் தலைகீழா திருப்பினா கருவுக்கு ஆபத்து. அதனாலதான் பாம்பு வளர்க்கிறவங்க முட்டை எடுக்கும்போது உச்சியில பென்சில்ல ஒரு சின்ன புள்ளி வைப்பாங்க. அந்தப் புள்ளி கடைசி வரைக்கும் மேலேயே இருக்கணும்.

மூணாவது, அளவு. கோழிக்கு 37.5 டிகிரி. பெரும்பாலான மலைப்பாம்பு முட்டைகளுக்கு 31, 32 டிகிரி போதும். கோழிச் சூட்டில வச்சா செத்துப்போகும், இல்லைன்னா முதுகு வளைஞ்ச குட்டியா வரும்.

அப்போ பாம்புக்கான பெட்டியை வடிவமைக்கணும்னா கோழியைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. பாம்பைத்தான் பார்க்கணும். பாம்பைப் பார்த்த முதல் ஆட்கள்ல ஒருத்தரை யாருமே நம்பல.

பாரிஸ், 1841

லமார்-பிக்கோன்னு ஒரு பிரெஞ்சுப் பயணி. இந்தியாவில சுத்தியவர். 1830கள்ல அவர் பாரிஸ் அறிவியல் அகாடமிகிட்ட ஒரு விஷயம் சொன்னார்: இந்தியாவில ஒரு பெரிய பாம்பு தன் முட்டையைச் சுத்திச் சுருண்டுக்கிட்டு, தன் உடம்புச் சூட்டால அதை அடைகாக்குது.

அகாடமி ஏத்துக்கல. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. பாம்பு குளிர் ரத்தப் பிராணி. வெளியே இருக்கிற சூடுதான் அதோட சூடு. தனக்கே சூடு இல்லாத பிராணி முட்டைக்கு எப்படி சூடு கொடுக்கும்? வெறும் பயணக்கதைன்னு ஒதுக்கிட்டாங்க.

அப்புறம் 1841. பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தோட விலங்குக்கூடத்தில ஒரு மலைப்பாம்பு முட்டை போட்டுச்சு. இன்னைக்கு நாம பர்மிய மலைப்பாம்புன்னு சொல்ற வகை. முட்டையைச் சுத்திச் சுருள் சுருளா ஏறி, உச்சியில தலையை வச்சுப் படுத்துடுச்சு. அங்கே இருந்த விஞ்ஞானி வலான்சியென் அந்தச் சுருள்களுக்கு நடுவுல தெர்மாமீட்டரைச் செருகினார். நாங்க செய்யத் தவறினது இதைத்தான். சென்சாரை முட்டைக்குப் பக்கத்துல வைக்கிறது.

சுருளுக்குள்ள இருந்த சூடு சுத்தி இருந்த காத்தைவிடத் தெளிவா அதிகமா இருந்துச்சு. ஒரு நாள் மட்டும் இல்லை, வாரக்கணக்கில. கிட்டத்தட்ட எட்டு வாரம் கழிச்சு குட்டிகளும் வெளியே வந்துச்சு. பயணி சொன்னது பொய் இல்லைன்னு ஆச்சு. ஆனா எல்லாரும் உடனே ஒத்துக்கிட்டாங்கன்னு நினைக்காதீங்க. கூண்டில வெச்ச கணப்புச் சூடா இருக்கலாம், அளந்தது தப்பா இருக்கலாம்னு வாதம் ரொம்ப காலம் ஓடுச்சு.

1862ல லண்டன் உயிரியல் பூங்காவில இன்னொரு வாய்ப்பு. ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒண்ணு நூறு முட்டை அளவுக்குப் போட்டுச்சு. ஸ்கிளேட்டர்னு ஒரு விஞ்ஞானி ஒரு நல்ல வேலை செஞ்சார். அதே கூண்டில ஒரு ஆண் பாம்பும் இருந்துச்சு. ரெண்டோட சூட்டையும் அளந்து ஒப்பிட்டார். அடைகாக்கிற பெண்ணோட உடம்பு ஆணைவிடச் சூடா இருந்துச்சு. இன்னைக்கு இதை நாம கண்ட்ரோல் சாம்பிள்னு சொல்லுவோம். ஆனா முட்டை ஒண்ணுகூட பொரியல. சூடு மட்டும் இருந்தா போதாதுன்னு அந்த நூறு முட்டை சொல்லுது. அதைக் கேட்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

விக்கல் எடுக்கிற பாம்பு

1966ல நியூயார்க் பிராங்ஸ் உயிரியல் பூங்காவில அடைகாத்துட்டு இருந்த ஒரு மலைப்பாம்பை ஹட்சிசன், டவ்லிங், வினேகர்னு மூணு பேர் அளந்தாங்க. முடிவு சயின்ஸ் இதழ்ல வந்துச்சு. இந்த தடவை வெறும் தெர்மாமீட்டர் இல்லை. பாம்பு எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்குதுன்னும் அளந்தாங்க. ஆக்சிஜன் செலவுதான் உடம்பு எரிக்கிற எரிபொருளோட கணக்கு.

சுத்தி இருக்கிற வெப்பம் 33 டிகிரிக்குக் கீழே இறங்கினா, அந்தப் பாம்பு தன் தசையைச் சுண்டிச் சுண்டி இழுத்துச்சு. பார்க்க விக்கல் மாதிரி இருக்கும். நாம குளிர்ல நடுங்குறோம் இல்லையா, அதே வேலை. வெப்பம் இன்னும் இறங்கினா விக்கல் இன்னும் அடிக்கடி. 25.5 டிகிரியில அது எரிச்ச எரிபொருள், அடைகாக்காத நேரத்தில எரிக்கிறதைவிட ஒன்பது மடங்குக்கு மேல.

இப்போ டிரெபெல்லோட கருவியை ஞாபகப்படுத்திக்கோங்க. சூடு குறைஞ்சா தீ ஏறும், சூடு வந்தா தீ தணியும். இந்தப் பாம்பே ஒரு தெர்மோஸ்டாட். சென்சார், ஹீட்டர், கண்ட்ரோலர் எல்லாம் ஒரே உடம்புக்குள்ள. எரிபொருள் அதோட கொழுப்பு. அடைகாக்கிற காலத்தில பெரும்பாலும் அது இரை எடுக்காது. முட்டையை விட்டு எழும்போது மெலிஞ்சு போயிருக்கும்.

டப்பாவுக்குள்ள என்ன இருக்கு?

1970கள், 80கள்ல அமெரிக்காவிலயும் ஐரோப்பாவிலயும் வீட்டில பாம்பு வளர்க்கிறது பெரிசா வளர ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடியெல்லாம் ஈர மணல், பாசி, மண், ஈரக் காகிதம்னு கையில கிடைச்சதுல முட்டையை வச்சாங்க. பூஞ்சை பிடிச்சது, காய்ஞ்சது, அழுகினதுன்னு நிறைய போச்சு. அந்த இழப்புகள்ல இருந்துதான் இன்னைக்கு இருக்கிற செட்டப் வந்துச்சு. அதைப் படிப்படியா சொல்றேன். ஒவ்வொரு படியும் தாய் செய்யுற ஒரு வேலையோட நகல்.

ஒண்ணு, ஈரம். மாடித்தோட்டம் போடுறவங்களுக்கு வெர்மிகுலைட், பெர்லைட் ரெண்டும் தெரியும், நர்சரியில கிடைக்கும். வெர்மிகுலைட் மைக்கா மாதிரி ஒரு கனிமத்தைச் சூடு பண்ணி விரிய வச்சது. பெர்லைட் எரிமலைக் கண்ணாடியைப் பொரி மாதிரி பொரிச்சது. ரெண்டும் அழுகாது, அதுவா பூஞ்சைக்குத் தீனி ஆகாது, தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு மெதுவா விடும். வெர்மிகுலைட்டும் தண்ணியும் எடைக்கு எடை சமம்னு ஒரு பழைய கணக்கு உண்டு. கப்புல அளக்கக் கூடாது, தராசுல அளக்கணும். வெர்மிகுலைட் பஞ்சு மாதிரி லேசு, கப்புல அளந்தா ஈரம் எங்கேயோ போயிடும். கையில பிழிஞ்சா சொட்டு விழக் கூடாது. இன்னொரு முறையில, டப்பா அடியில தண்ணி, அதுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் கட்டத் தட்டு, தட்டு மேல முட்டை. முட்டை தண்ணியைத் தொடாது, காத்து மட்டும் ஈரமா இருக்கும்.

ரெண்டு, அசையாமை. மலைப்பாம்பு முட்டைகள் இட்ட கொஞ்ச நேரத்தில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒட்டினதைப் பிய்க்கக் கூடாது, கொத்தாவே தூக்கி வைக்கணும். பென்சில் புள்ளி மேலே.

மூணு, சூடு. டப்பாவை நேரா ஹீட்டர் மேல வைக்க மாட்டாங்க. பெரிய தெர்மாகோல் பெட்டி, இல்லைன்னா பழைய ஃபிரிட்ஜ், அதுக்குள்ள ஹீட் டேப்பும் தெர்மோஸ்டாட்டும். அதுக்குள்ளதான் முட்டை டப்பா. ரெண்டு அடுக்கு. வெளி அடுக்கோட சூடு ஏறி இறங்கினாலும் உள்ளே மெதுவாத்தான் தெரியும். சில பேர் தண்ணி பாட்டில்களையும் உள்ளே அடுக்குவாங்க. தண்ணி சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும், கரண்ட் போனா கொஞ்ச நேரம் தாங்கும். முட்டை வைக்கிறதுக்குப் பல நாள் முன்னாடியே எல்லாத்தையும் ஓட விட்டு, அளவு நிலைக்குதான்னு பார்ப்பாங்க. எங்க புராஜெக்ட்ல நாங்க செய்யாத இன்னொரு வேலை.

நாலு, காத்து. ஓட்டுக்குள்ள இருக்கிற குட்டியும் மூச்சு விடும். மூடி இறுக்கமா இருந்தா ஈரம் நிக்கும், ஆனா ஆக்சிஜன் குறையும். அதனால ஒரு சின்ன ஓட்டை, இல்லைன்னா வாரம் ஒரு தடவை மூடியைத் திறந்து விசிறிட்டு மூடுறது. மூடியில சேர்ற நீர்த்துளி முட்டை மேல சொட்டாமலும் பார்த்துக்கணும்.

55, 60 நாள் போல ஆனதும் முட்டை லேசா குழி விழும். குட்டி தன் மூக்கு நுனியில இருக்கிற சின்னப் பல்லால ஓட்டைக் கீறி தலையை நீட்டும். அப்புறமும் ஒரு நாள் ரெண்டு நாள் உள்ளேயே இருக்கும், மிச்சம் இருக்கிற கருவை உடம்புக்குள்ள இழுத்துக்கிட்டு. அவசரப்பட்டு இழுத்து வெளியே எடுக்கக் கூடாது.

டப்பாவைப் பார்த்துத் தாயைப் புரிஞ்சுக்கிறது

இதுவரைக்கும் நான் சொன்ன வரிசையில ஒரு ஓட்டை இருக்கு. எல்லா மலைப்பாம்பும் விக்கல் எடுக்காது. அந்த வீடியோவில பார்த்த பாம்பு பால் பைத்தான். தமிழ்ல எழுதினா பால் குடிக்கிற பாம்பு மாதிரி இருக்கும். அது மாட்டுப் பால் இல்லை, பந்து. பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும், அதான் பேர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இது முட்டையைச் சுத்திச் சுருளும், ஆனா சொல்லிக்கிற அளவுக்குச் சூடு கொடுக்காது. அப்புறம் எதுக்கு ரெண்டு மாசம் சாப்பிடாம சுருண்டு கிடக்குது?

2005ல வெளியான ஒரு ஆய்வு இந்தக் கேள்வியையே எடுத்துக்கிச்சு. சில முட்டைகளைத் தாய்கிட்ட விட்டாங்க, சிலதைப் பாதியில பிரிச்சாங்க, சிலதை ஆரம்பத்திலேயே பிரிச்சாங்க. தாய் இல்லாத முட்டைகள் அதிகமா தண்ணியை இழந்துச்சு. அதாவது அந்தச் சுருள் ஒரு மூடி. நம்ம வெர்மிகுலைட் வேலை.

ஆஸ்திரேலியாவில சில்ட்ரன்ஸ் பைத்தான்னு ஒரு சின்ன மலைப்பாம்பு. குழந்தைகளுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, ஜான் ஜார்ஜ் சில்ட்ரன்கிற விஞ்ஞானியோட பேர் அது. இதை வச்சு 2008 வாக்கில செஞ்ச ஆய்வுகள்ல தெரிஞ்சது: தாய் பெரும்பாலான நேரம் இறுக்கமா சுருண்டிருக்கும், முட்டையோட ஈரம் போகாது. ஆனா அப்போ உள்ளே ஆக்சிஜன் குறையும். அதனால அப்பப்போ சுருளைக் கொஞ்சம் தளர்த்தும், காத்து உள்ளே போகும், மறுபடியும் இறுக்கும்.

வாரம் ஒரு தடவை மூடியைத் திறந்து விசிறினாங்களே, அதே வேலை. தாய் அப்படிச் செய்யுறதை அளந்து பார்த்துதான் அவங்க மூடியைத் திறக்க ஆரம்பிச்சாங்கன்னு சொல்ல முடியாது. செத்துப்போன முட்டைகள் கத்துக்கொடுத்துச்சு. விஞ்ஞானிகள் தாயை அளந்து அதே பதிலுக்கு வந்தாங்க.

லண்டன்ல பொரியாத அந்த நூறு முட்டையை இப்போ யோசிச்சுப் பாருங்க. சூட்டை மட்டும் அளந்தாங்க. ஈரத்தையும் காத்தையும் கேட்கவே இல்லை.

எடுத்துப் போட்ட இன்னொரு லூப்

இங்கே கதையை முடிச்சிருந்தா அழகா இருக்கும். ஆனா எனக்கு ஒரு விஷயம் உறுத்துது.

இவங்க ஏன் தாயை எடுத்து வேற கூண்டில விடுறாங்க? தாய்கிட்டயே விட்டா பல சமயம் நல்லாவே பொரிக்குமே? வளர்க்கிறவங்க சொல்ற காரணம் நேரானது. முட்டையை எடுத்துட்டா தாய் சீக்கிரம் சாப்பிட ஆரம்பிக்கும், சீக்கிரம் எடை ஏறும், அடுத்த வருஷமும் முட்டை போடும். காட்டில ரெண்டு மாசம் பட்டினி கிடந்து மெலிஞ்ச தாய் பல சமயம் அடுத்த வருஷம் முட்டை போடாது. உடம்பு தேறணும்.

இதைத்தான் நான் அவுட்டர் லூப்னு சொல்லுவேன். முட்டைக்கு எவ்வளவு சூடு, ஈரம், காத்து வேணும்கிறது உள் லூப். அடுத்த முட்டை எப்போ, எத்தனைங்கிறது வெளி லூப். தாய்கிட்ட ரெண்டும் இருந்துச்சு. நாம உள் லூப்பை ரொம்பத் துல்லியமா காப்பி அடிச்சோம். வெளி லூப்பை எடுத்துப் போட்டுட்டோம்.

விளைவு என்ன? 1992ல அமெரிக்காவில முதல் தடவையா வளர்ப்பில அல்பினோ பால் பைத்தான் பிறந்துச்சு. வெள்ளையும் மஞ்சளுமா. அதுக்கப்புறம் நிறத்துக்காகவே இனப்பெருக்கம் ஒரு தொழில் ஆச்சு. ஆயிரக்கணக்கான நிறச் சேர்க்கைகள். அதுல ஸ்பைடர்னு ஒரு வகை. உடம்பு மேல சிலந்தி வலை மாதிரி கோடு, பார்க்க அழகு. ஆனா அதுல பல பாம்புகளுக்குத் தலை ஆடும், இரையைக் குறி வச்சாத் தவறும். 2022ல வந்த ஸ்கேன் ஆய்வு, அதோட உள்காது அமைப்பே கோணலா இருக்குன்னு காட்டிச்சு. இது தெரிஞ்சும் அது விற்கப்படுது. 32 டிகிரி இருந்தா போதும், டப்பா எதையும் பொரிக்கும்.

அமெரிக்காவோட ஃபுளோரிடாவில இன்னொரு விளைவு. வளர்ப்புக்காக வந்த பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும், கைவிடப்பட்டும் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில பரவிடுச்சு. 2012ல அமெரிக்கா அந்த இனத்தோட இறக்குமதியைத் தடை செஞ்சுது. அதுக்குள்ள அங்கே தாய்கள் தாங்களே கூடு போட்டு, தாங்களே விக்கல் எடுத்து அடைகாக்க ஆரம்பிச்சிருந்துச்சு. டப்பா தேவையே இல்லை.

நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். டப்பா இல்லைன்னா கடைக்கு வர்ற ஒவ்வொரு பாம்பும் காட்டில இருந்து பிடிச்சதாத்தான் இருக்கும். வளர்ப்பில பிறந்த குட்டி, காட்டுப் பாம்புக்கு மாற்று. அது உண்மை. ஆனா விலை குறைய, ஆசை கூட, புது நிறத்துக்கான தேடல் காட்டுக்கே மறுபடியும் போகுது. கானா, டோகோ, பெனின் நாடுகள்ல இருந்து பால் பைத்தான் ஏற்றுமதி இன்னமும் நடக்குது.

நம்ம ஊருக்கு வந்த டப்பா

இந்தச் சங்கிலியோட ஒரு முனை நம்ம விமான நிலையத்துல இருக்கு. 2023ல திருச்சியில ஒரு பயணியோட பெட்டிக்குள்ள 47 மலைப்பாம்புக் குட்டிகள் பிடிபட்டது செய்தியா வந்துச்சு. சென்னையிலயும் பால் பைத்தான்கள் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருது. துணிப்பைக்குள்ள, டப்பாவுக்குள்ள முடிச்சுப் போட்டு. எங்கேயோ ஒரு இன்குபேட்டர்ல பிறந்த குட்டியா இருக்க வாய்ப்பு அதிகம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்பீங்க. நம்ம ஊர் மலைப்பாம்பு, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில முதல் அட்டவணையில இருக்கு. வளர்க்கவே கூடாது. அந்தச் சட்டத்தில வேட்டைங்கிற வார்த்தைக்குள்ள ஊர்வனவோட முட்டையைச் சேதப்படுத்துறதும், முட்டையையோ கூட்டையோ கலைக்கிறதும் அடங்கும். பால் பைத்தான் மாதிரி வெளிநாட்டு இனம்னா, 2022 சட்டத் திருத்தமும் 2024 விதிகளும் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கு. வாங்கினதை மட்டும் இல்லை, பிறந்த குட்டியையும் பதிவு செய்யணும். கவனிச்சீங்களா? எடுத்துப் போட்ட வெளி லூப்பை, சட்டம் பேப்பர்ல மறுபடியும் எழுதப் பார்க்குது. எத்தனை பிறந்துச்சு, எங்கே போச்சுன்னு ஒருத்தர் கேட்கணும் இல்லையா.

வயல்லயோ, கட்டிட வேலை நடக்கிற இடத்துலயோ முட்டையைச் சுத்திச் சுருண்ட மலைப்பாம்பைப் பார்த்தா, இந்த எபிசோட் கேட்டுட்டு தெர்மாகோல் பெட்டியைத் தேடாதீங்க. தள்ளி நின்னு வனத்துறைக்குச் சொல்லுங்க. அங்கே ஏற்கெனவே ஒரு இன்குபேட்டர் ஓடிட்டு இருக்கு. நம்மளோடதைவிட நல்லது.

இந்த எபிசோடுக்காகக் குறிப்பு எடுத்துட்டு இருந்தப்போ பாட்டிக்கு போன் பண்ணேன். பாம்பு அடைகாக்கும் தெரியுமான்னு கேட்டேன். அவங்களுக்கு அது ஆச்சரியமாவே இல்லை. அவங்க கேட்டது வேற: "அது எந்திரிச்சதும் அதுக்கு இரை கிடைக்குமாடா?" கோழி அடையில இருந்து இறங்கினதும் முதல்ல கம்பு போடுறவங்க அவங்க. மெலிஞ்சு போயிருக்கும், ஒரு மாசத்துக்கு மறுபடியும் அடை வைக்க மாட்டேன்னு சொல்லுவாங்க. அந்தக் கணக்கு நாங்க எழுதின கோடுல எங்கேயும் இல்லை.